ரத்தினம்மாள் வீட்டில் பட்டினி இல்லை

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூருக்குப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு வீடு, தெரு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் பிடித்துக் கொடுப்பேன். பழைய காலத்து வீடு வேண்டும் என்றால் ஆஸ்டின் டவுன், வெறும் பொட்டல் வேண்டும் என்றால் ஹெப்பகோடிக்கு அந்தப் பக்கம். இப்போது ஹெப்பகோடியிலும் பொட்டல் இல்லை, அது வேறு புலம்பல். பெயர் ஆம்ப்ரோஸ். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஆஸ்டின் டவுனில். கதை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொதுவாக ஆகாது. 'மழை பெய்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டியவன் நான்.

இருந்தாலும் எதிர்வீட்டு ரத்தினம்மாளைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

ரத்தினம்மாளின் அப்பா குடியாத்தத்திலிருந்து வந்து இங்கே கொத்தனாராக இருந்தவர். மகள் பிறந்தது இந்தத் தெருவில்தான். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். எங்கள் தெருவில் அவர் வயதுக்காரர்களில் நிறையப் பேர் அப்படித்தான். தமிழில் வாய் ஓயாது, தமிழ்ப் பேப்பரைக் கையில் கொடுத்தால் படம் மட்டும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடுவார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ஒரு மின்சார மீட்டர் பாக்டரியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை கிடைத்தது. அதே பெஞ்சில், அதே ஜன்னலுக்குப் பக்கத்தில், விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பும் வரைக்கும் சுற்றினார்.

எழுபத்து நான்கில் கல்யாணம். மாப்பிள்ளை ஞானசேகரன், ஒக்கலிபுரத்தில் ஒரு தமிழ் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பார்க்க ஒல்லியாக, மரியாதையாக இருந்தார். கதை எழுதுவார் என்பதைக் கல்யாணத்துக்கு முன் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ரத்தினம்மாளுக்கு அது பீடி குடிப்பார் என்பது போல ஒரு தகவல், அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஞானசேகரனின் சம்பளம் வரும், சில மாதம் வராது. அச்சகத்துக்காரர் நல்லவர்தான், ஆனால் கையில் இருந்தால்தானே கொடுப்பார். வீடு ஓடியது ரத்தினம்மாளின் ஷிப்டில். பாக்டரி பஸ் விடியும் முன்பே முனைக்கு வந்துவிடும். அதற்குள் காலைக்கு, மதியத்துக்கு, நடுவில் வயிறு கேட்டால் குடிக்க மோர் என்று எல்லாம் செய்து, மூடி வைத்து, தட்டையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். பஸ் ஹாரன் அடித்த பிறகும் வாசலில் நின்று, "குழம்பை சூடு பண்ணிக்கோங்க, அப்படியே ஊத்திக்காதீங்க" என்று உள்ளே பார்த்துக் கத்துவார். எங்கள் தெருவுக்கு அதுதான் அலாரம்.

ஞானசேகரனுக்கு வயிற்றுப்புண். டாக்டர் காபியை நிறுத்தினார், எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினார், வெளியே எதையும் வாயில் வைக்கக் கூடாது என்றார். குடியை நிறுத்தச் சொன்னார், அது மட்டும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பார்க்கில் எழுத்தாளர்கள் கூடுவார்கள். சூடாகப் போண்டா வரும். ஞானசேகரன் மட்டும் வேண்டாம் என்று தலையாட்டுவார். காபியும் வேண்டாம். கிளம்பும்போது வயிறு நிறையக் களி சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர் அவர். நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஆனால் கூட்டத்தில் இருந்தவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? இத்தனை பசியிலும் கை நீட்டாத மானஸ்தன் என்று. ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார்கள், மறுத்த கையைப் பார்த்தார்கள், கூட்டிக் கழித்துக்கொண்டார்கள். போதாததற்கு அவருடைய கதைகளில் பசித்தவர்கள்தான் அதிகம், எல்லாரும் 'நான், நான்' என்று பேசுகிறவர்கள். 'நான்' என்று எழுதினால் அது எழுதியவனேதான் என்று நம்புவதில் படித்தவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது, ஒரு வாரம் ஊரடங்கு. அச்சகம் எரிந்தது. அதோடு ஞானசேகரனும் ஒரு மாதிரி எரிந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும். வேலை இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ரத்தினம்மாள் இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, காலையில் அவரைக் கைபிடித்து நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வரிசையில் நிற்பார். தேறினார், மறுபடி விழுந்தார், அந்த நடுவில்தான் பேர் வாங்கிக் கொடுத்த ஊரடங்குக் கதையையும் எழுதினார். தொண்ணூற்று மூன்றில் வயிற்றுப்புண் வெடித்துச் செத்துப்போனார்.

உயிரோடு இருந்தபோது வராத கூட்டம் அதன்பிறகு வந்தது. வருஷா வருஷம் நினைவுக் கூட்டம். ரத்தினம்மாளை முதல் வரிசையில் உட்கார வைப்பார்கள். மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் "வறுமையில் வாடினார், வறுமையில் வாடினார்" என்பார்கள். அவருக்கு அது சம்பளம் ஒழுங்காக வராததைச் சொல்வது போலத்தான் பட்டிருக்கிறது. தலையாட்டிக் கேட்டுவிட்டு, கேசரி கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் ப்ரஹ்லாத் வந்தான். மல்லேஸ்வரத்துப் பையன், தாத்தா காலத்தில் மைசூர் சர்க்கார் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு ஞானசேகரனின் வாழ்க்கையைப் படமாக எடுக்க ஆசை. அசல் வீட்டிலேயே எடுக்க வேண்டும் என்று என்னிடம் வந்தான். என் தொழிலில் இதைவிடச் சுலபமான வேலை கிடையாது. தெருவைக் கடந்து கதவைத் தட்டினேன்.

ரத்தினம்மாள் தகராறே செய்யவில்லை. ப்ரஹ்லாத் தயங்கித் தயங்கிக் கேட்டான், அவர் பட்டென்று பதில் சொன்னார்.

"ஆன்ட்டி, அவர் குடிக்கறத காட்டலாமா?"

"குடிச்சாரு. காட்டிக்கோ."

"நிம்ஹான்ஸ்?"

"அதுவும்தான். அதுல இன்னா இருக்குது? ஒடம்புக்கு வந்தா ஆஸ்பத்திரிக்குப் போறதில்லையா?"

ப்ரஹ்லாத் வெளியே வந்து, "இப்படி ஒரு லேடியை நான் பார்த்ததே இல்லை, ஆம்ப்ரோஸ்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் தெரு ஆயிற்றே.

ஒரு வாரம் கழித்து ஞானசேகரனாக நடிக்கிற தருண் வந்தான். நாடகத்தில் நடிப்பவன், தங்கமான பையன், இந்தப் படத்துக்காக ஒரு வேளைதான் சாப்பிட்டு ஒடுங்கிப்போயிருந்தான். ரத்தினம்மாளுக்குப் பார்த்ததும் பதறியது. அவன் தரையில் உட்கார்ந்துகொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"அம்மா, அவர் பசியில எப்படி உக்காந்திருப்பாரு? முதுகு கூனிக்குமா, இல்ல வயித்தைக் கையால பிடிச்சுக்குவாரா?"

"பசியா? எப்ப?"

"ஊரடங்கு வாரத்துல. நீங்க ரெண்டு பேரும் பட்டினி கெடந்தீங்களே, அப்ப."

ரத்தினம்மாள் என்னைப் பார்த்தார். என்னிடம் திரைக்கதை இருந்தது. வீட்டுக்கு எந்தெந்தக் காட்சி என்று குறிப்பதற்காக வாங்கி வைத்திருந்தேன், வசனம் எதையும் படித்திருக்கவில்லை. "படி" என்றார். படித்தேன். ஊரடங்கின் மூன்றாம் நாள். சமையலறை. மனைவி பானையைச் சுரண்டிப் பார்க்கிறாள். பானையைக் கவிழ்க்கிறாள். 'இன்னைக்கும் ஒண்ணுமில்லைங்க' என்று முந்தானையால் வாயைப் பொத்தி அழுகிறாள். ஞானசேகரன் ஈரத்துணியை வயிற்றில் போட்டுக்கொண்டு எழுத உட்காருகிறார்.

"என் வூட்டுப் பானைய கவுத்துட்டாங்களா?" என்றார் ரத்தினம்மாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

பிறகு தருணைப் பார்த்துச் சொன்னார். "அந்த வாரம் பாக்டரி லீவு. பஸ் வரல. பக்கத்து வூட்டு ஜானகம்மா, கன்னடக்காரங்க, அவரைக்காய கூடையோட செவுத்து மேல எடுத்து வெச்சாங்க. வெளிய போவாத, ஏதாவது வேணும்னா என்னைக் கூப்புடுன்னாங்க. நானும் அவரும் உக்காந்து பருப்பு பிதுக்குனோம். தெனமும் பிதுக்கம்பருப்புக் குழம்பு, ராகிக் களி முத்தெ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பகல்ல வூட்ல இருந்து அவருக்கு சூடா பரிமாறுனது அந்த ஒரு வாரம்தான் தம்பி. அதப் போயி பட்டினின்றீங்க."

தருண் பாவம், எழுந்து நேரே ப்ரஹ்லாதிடம் போனான். மறுநாள் ப்ரஹ்லாத் ஓடிவந்தான்.

"அந்த சீன் வேணாம்" என்றார் ரத்தினம்மாள்.

"ஆன்ட்டி, அந்த சீன்தான் படமே. அவரோட பசிதான் அவரோட எழுத்து."

"பத்தொம்போது வருஷம் சோறு போட்டவ சொல்றேன். என் வூட்ல அவரு ஒரு வேளை பட்டினி கெடக்கல."

ப்ரஹ்லாத் மெதுவாகப் பேசினான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் கஷ்டம். "ஆன்ட்டி, இதை நான் கற்பனை பண்ணல. அவரே சொல்லியிருக்காரு. சாகறதுக்கு முன்னாடி ஒரு பத்திரிகைக்குப் பேட்டி குடுத்தாரு. பசிதான் எனக்கு எழுதக் கத்துக்குடுத்துதுன்னு. அச்சுல இருக்கு."

"அவரே சொன்னாரா?"

"ஆமா ஆன்ட்டி."

ரத்தினம்மாள் உள்ளே போனார். டீ போடப் போகிறார் என்று நினைத்தோம். வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அடுப்பைப் பற்ற வைக்காமலே அதன் முன்னால் நின்றிருந்தார். எனக்குச் செத்துப்போன ஞானசேகரனை எழுப்பி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. விடியலுக்கு முன்னால் எழுந்து களி கிண்டியவள் ஒருத்தி. பசியில் வளர்ந்த மேதை இவர். எப்படி இருக்கிறது நியாயம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை ரத்தினம்மாள் என்னைக் கூப்பிட்டு, அந்த ஊரடங்குக் கதையைப் படித்துக் காட்டச் சொன்னார். புருஷன் எழுதிய ஒரு கதையை அவர் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். நானும் படித்ததில்லை, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான். வாடகை அறை ஒன்றில் ஒருவன் தனியாக மாட்டிக்கொள்கிறான். வெளியே ஊரடங்கு. உள்ளே தின்ன ஒன்றுமில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தார் மனுஷன்.

நடுவில் ரத்தினம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். "சொல்பம் இரு. இவன் பொண்டாட்டி எங்க?"

"பொண்டாட்டி இல்லக்கா. கல்யாணம் ஆகாதவன்."

"நல்லா பாத்து சொல்லு."

முன்னால் புரட்டிப் பார்த்தேன், பின்னால் புரட்டிப் பார்த்தேன். "இல்லக்கா. ஒண்டிக்கட்டை. தெளிவா எழுதியிருக்காரு."

ரத்தினம்மாளின் முகத்தில் ஒரு வாரமாக இருந்த இறுக்கம் அப்போதுதான் விட்டது. "அப்ப இவன் அவரு இல்ல. கல்யாணம் ஆவாதவன் பட்டினி கெடந்தா அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? சோறு போட ஆளில்லன்னா இப்படித்தான் ஆவும்னு எழுதியிருக்காரு. கரெக்டுதானே?"

"பேட்டியில சொன்னது?" என்றேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"ஆம்பளைங்க நாலு பேரு உக்காந்திருப்பாங்க. பொண்டாட்டி சம்பாதிச்சிப் போட்டா, நான் உக்காந்து தின்னேன்னு சொல்றதுக்கு அவருக்கு வாய் வரல. வெக்கப்பட்டிருப்பாரு, பாவம்" என்றார். அவர் மன்னித்த வேகம் எனக்குப் பிடிக்கவே இல்லை. என்னால் இன்று வரை முடியவில்லை.

மறுநாள் ப்ரஹ்லாதை வரச் சொன்னார். அவன் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"பசி ஒனக்கு வேணும்ன்ற. சரி, வெச்சிக்கோ. அப்ப பொண்டாட்டி இருக்கக் கூடாது. பொண்டாட்டி வேணும்னா பசி இருக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோ."

ப்ரஹ்லாத் என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"ஆன்ட்டி, அந்த ஒரு சீன்ல மட்டும் உங்களை எடுத்துட முடியாது. ஆடியன்ஸ் கேப்பாங்க, அந்த நேரம் மனைவி எங்கன்னு. எடுத்தா மொத்தப் படத்துலேர்ந்தும் எடுக்கணும். நிம்ஹான்ஸுக்குக் கூட்டிட்டுப் போறது, கடைசில ஆஸ்பத்திரியில பக்கத்துல இருக்கறது, எல்லாமே. அவருக்குக் கல்யாணமே ஆகலைன்னு ஆயிடும்."

"ஆவட்டும்."

"உங்க பேரு கூட வராது."

"வேணாம்."

அவனை வாசலில் நிறுத்திவிட்டு நான் உள்ளே போய்ச் சண்டை போட்டேன். "அக்கா, புத்தி கெட்டுப்போச்சா? வரிசையில நின்னது, ஷிப்டு மாத்துனது, எல்லாத்தையும் ஒரே வார்த்தையில தூக்கிக் குடுத்துட்டீங்களே. ஒரு சீனு இருந்துட்டுப் போவட்டுமே."

"ஆம்ப்ரோஸு, இந்தத் தெருவுல என்னைத் தெரியும். படத்தப் பாக்கறவங்களுக்குத் தெரியாது. அவங்க பாக்கறது ஒரு பொம்பள பானைய கவுத்துட்டு அழுவறதத்தான். புருஷனுக்கு சோறு போடாதவளா அதுல இருக்கறதுக்கு நான் இல்லாமலே இருந்துட்டுப் போறேன்."

ப்ரஹ்லாத் இரண்டு நாள் யோசித்தான். பசியைத் தேர்ந்தெடுத்தான். அவன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அவனோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவியாக நடிக்க வைத்திருந்த சௌம்யா என்ற பெண்ணை வேண்டாம் என்று சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஷூட்டிங்குக்கு முன்னால் கலை இயக்குநரின் ஆட்கள் வந்து அதை ஒண்டிக்கட்டை வீடாக மாற்றினார்கள். கல்யாணப் போட்டோவை இறக்கினார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளை ஈரத்துணியால் துடைத்தார்கள். கொடியில் கிடந்த புடவை, அலமாரியில் இருந்த வளையல், கோலப்பொடி டப்பா, எல்லாம் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போயின. அவருடைய வீட்டிலிருந்து அவரை அப்புறப்படுத்த அரை நாள் ஆயிற்று. ரத்தினம்மாள் ஜானகம்மா வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம் பிடித்தார். அவருடைய பாத்திரம் எதுவும் படத்தில் வரக் கூடாது. சிவாஜி நகருக்குப் போய்ப் பழைய பானைகள் வாங்கிவந்தோம்.

படம் அடுத்த வருஷம் முடிந்தது. வெளியூர் விழாக்களுக்கெல்லாம் போய்வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாக பெங்களூரில் போட்டார்கள். ப்ரஹ்லாத் காரோடு வந்து கூப்பிட்டான். "ஆம்ப்ரோஸோட ஆட்டோவுல வரேன்" என்றார் ரத்தினம்மாள். பச்சைப் பட்டு கட்டியிருந்தார். அழைப்பிதழ் இருந்தும், கூட்டத்தோடு கூட்டமாக நடு வரிசையில்தான் உட்கார்ந்தார்.

நன்றாக எடுத்திருந்தான், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். தருண் குடித்தான், சுவரைப் பார்த்து உட்கார்ந்தான், நிம்ஹான்ஸ் வரிசையில் தனியாக நின்றான். ஊரடங்குக் காட்சி வந்ததும் தியேட்டரில் மூக்கு உறிஞ்சும் சத்தம். தருண் ஈரத்துணியை வயிற்றில் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தான். நான் ரத்தினம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். முன் சீட்டைக் கையால் பிடித்துக்கொண்டு, எதிரே யாரோ முன்பின் தெரியாதவன் கஷ்டப்படுவதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தருண் தனியாகச் செத்தான். அப்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

விளக்கு போட்டதும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ரத்தினம்மாளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்மணி, படித்தவர் போல இருந்தார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினார்.

"பாவங்க. எப்பேர்ப்பட்ட மனுஷன்! ஒருத்தி கூட இருந்திருந்தா இவரை இப்படிப் பட்டினி போட்டு விட்டிருப்பாளா?"

ரத்தினம்மாள் அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "விட்டிருக்க மாட்டா" என்றார். "ஒரு வேளை கூட விட்டிருக்க மாட்டா."

எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல இருந்தது. இவங்கதான் அவங்க என்று மைக்கைப் பிடுங்கிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் ப்ரஹ்லாதைச் சுற்றிக் கூட்டம். அவன் எங்களைப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் ஏறினோம். ரத்தினம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது கிடைத்துவிட்டது, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாயால். ரிச்மண்ட் சர்க்கிள் சிக்னலில் வண்டி நின்றபோது என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"ஆம்ப்ரோஸு, நான் இருந்தேன் இல்ல?"

"இருந்தீங்கக்கா" என்றேன்.